தத்துவத்தை முட்டையிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தத்துவ அறிமுகம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் அவ்வப்போது வரும் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். இப்படி ஒரு விஷயத்துக்குப் பத்திரிகையில் இடம் கொடுக்கிறீர்களே என்று ஒவ்வொரு முறையும் சந்தோஷப்படுவேன். ஆனால் ஒரு குறை ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கட்டுரைகள் எல்லாமே ஒரே வாசலில்தான் நுழைகின்றன. 'உங்கள் எதிரில் இருக்கும் மேசை உண்மையிலேயே இருக்கிறதா? இதெல்லாம் கனவாக இருந்தால்? கண் உங்களை ஏமாற்றினால்?' என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல முடியாமல் வாசகர் திகைத்து நிற்கும்போது 'பார்த்தீர்களா, இதுதான் தத்துவம்' என்று முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இதே அனுபவம் உண்டு. பதினெட்டு வயதில் கையில் கிடைத்த முதல் தத்துவப் புத்தகம் சந்தேகத்தில் தொடங்கி சந்தேகத்திலேயே முடிந்தது. அதைப் படித்துவிட்டு, தத்துவம் என்றால் எதையும் நம்பாமல் இருக்கும் சாமர்த்தியம் என்று நான்கைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். யார் எதைச் சொன்னாலும் 'அது உங்கள் பார்வை' என்று வாயை அடைத்துவிடலாம், அவ்வளவுதான் அதனால் கிடைத்த பலன். அரிஸ்டாட்டிலை எடுத்துப் படித்த பிறகுதான் இந்த வீட்டுக்கு இன்னொரு வாசல் இருப்பதும், அது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே திறந்திருப்பதும் தெரிந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வாசலையும் காட்டுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. சும்மா கோரிக்கை வைத்தால் போதாது, அது என்ன வாசல் என்று நானே கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்ச் சிக்கல். யதார்த்தவாதம் என்று சொன்னவுடன் நம் ஆட்களுக்கு சினிமாவும் சிறுகதையும்தான் ஞாபகம் வரும். இன்னும் சிலருக்கு, நாடுகள் தங்கள் பலத்தையும் நலனையும் பார்த்துத்தான் நடக்கும் என்கிற சர்வதேச அரசியல் கோட்பாடு நினைவுக்கு வரும். 'கொஞ்சம் யதார்த்தமாக யோசி' என்று சொல்லும்போது ஆசையைக் குறைத்துக்கொள் என்று அர்த்தம். நான் சொல்லப்போவது இவை எதுவும் இல்லை. பொருள்கள் நம் நினைப்பைச் சாராமல் இருக்கின்றன, அவற்றுக்கென்று ஓர் இயல்பு இருக்கிறது, அந்த இயல்பை நம்மால் ஓரளவாவது அறியமுடியும் என்ற மூன்று நம்பிக்கைகளில் நிற்கிற ஒரு பழைய மரபு. மெய்ம்மைவாதம் என்று வைத்துக்கொள்வோம். அரிஸ்டாட்டில் அதற்கு அடித்தளம் போட்டார், இப்னு சீனா, இப்னு ருஷ்து போன்ற இஸ்லாமிய அறிஞர்கள் அதை வளர்த்தார்கள், 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் அதற்குப் பெரிய கட்டடமே எழுப்பினார்.

தமிழில் யோசிப்பவர்களுக்கு இந்த மரபு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. உண்மை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உள் என்பதிலிருந்து வந்த சொல் அது; பழைய உரைகளில் இன்மைக்கு எதிர்ச்சொல்லாக உண்மை வரும், அதாவது இருத்தல் என்றே பொருள். இருப்பதற்கும் சரியாகச் சொல்வதற்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அரிஸ்டாட்டில் உண்மைக்குச் சொன்ன விளக்கமும் கிட்டத்தட்ட இதுவேதான்: உள்ளதை உள்ளது என்றும் இல்லாததை இல்லாதது என்றும் சொல்வது உண்மை. அதே மாதிரி பொருள் என்கிற சொல். கையில் தூக்கும் கல்லும் பொருள்தான், ஒரு சொல்லின் அர்த்தமும் பொருள்தான். அர்த்தம் என்பது நம் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை, அது பொருளிலேயே இருக்கிறது என்று வாதாடுகிற ஒரு மரபுக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்குமா?

சரி, முட்டைக்கு வருகிறேன்.

அரிஸ்டாட்டில் கி.மு. 384-இல் ஸ்டகீராவில் பிறந்தவர். பதினேழு வயதில் ஏதென்ஸுக்கு வந்து பிளேட்டோவின் அக்காதெமியில் சேர்ந்தார், இருபது வருடம் அங்கேயே இருந்தார். பிளேட்டோ இறந்த பிறகு கிழக்கே போய், லெஸ்போஸ் தீவில் கொஞ்ச காலம் தங்கினார். அங்கே ஒரு பெரிய உப்பங்கழி இருக்கிறது, அதன் கரையில் மீன், நண்டு, கணவாய், கடல் முள்ளெலி என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஆராய்ந்தார். அவருடைய விலங்கியல் நூல்களில் 500-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் வருகின்றன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கோழிமுட்டையைப் பற்றியது. அடைகாக்கும் முட்டைகளை வரிசையாகத் திறந்து பார்த்ததை எழுதியிருக்கிறார். மூன்று பகல் மூன்று இரவு கழிந்ததும் முதல் அடையாளம் தெரிகிறது. வெள்ளைக்கருவில் ஒரு ரத்தப் புள்ளி. அது இதயம், உயிருள்ளது போலத் துடித்து அசைகிறது என்கிறார். அதிலிருந்து ரத்தக்குழாய்கள் கிளம்புகின்றன. பத்தாம் நாள் வாக்கில் குஞ்சின் உறுப்புகள் எல்லாம் அடையாளம் தெரிகின்றன, தலை உடம்பைவிடப் பெரிது, கண்கள் அதைவிட எடுப்பாக. இருபதாம் நாள் ஓட்டைத் திறந்தால் குஞ்சு உள்ளிருந்து குரல் கொடுக்கும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அவருடைய தத்துவம் முழுக்க இந்த ஓட்டுக்குள் இருக்கிறது. முட்டையைத் திறந்தவர் 'இந்த முட்டை இருக்கிறதா' என்று கேட்கவில்லை. 'இது என்ன? எப்படி இது அதுவாகிறது?' என்று கேட்டார். இந்தக் கேள்விகள் சாதாரணமாகத் தெரிகின்றன, ஆனால் அவருக்கு முன்னால் பெரிய மூளைகள் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொண்டு கிடந்தன. பார்மெனிடீஸ் மாற்றம் என்பதே கிடையாது என்று வாதிட்டார். அவர் தர்க்கம் எளிது: ஒன்று உண்டாகிறது என்றால் அது இருப்பதிலிருந்து வரவேண்டும், அல்லது இல்லாததிலிருந்து வரவேண்டும். இருப்பதிலிருந்து என்றால் அது ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக வர ஒன்றும் இல்லை. இல்லாததிலிருந்து ஒன்றும் வராது. ஆகவே எதுவும் மாறுவதில்லை, மாறுவதாகத் தெரிவது மயக்கம். எதிர்க்கோடியில் ஹெராக்ளிட்டஸ் வழி வந்தவர்கள், எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிலையாக எதுவும் இல்லை என்றார்கள். அவர்களில் கிராட்டிலஸ் என்பவர், ஒரு நதியில் இரண்டு முறை இறங்கமுடியாது என்பதே தவறு, ஒரு முறைகூட இறங்கமுடியாது என்று சொன்னாராம். கடைசியில் எதைப் பற்றியும் எதுவும் சொல்லமுடியாது என்று முடிவுகட்டி, பேசுவதை விட்டுவிட்டு விரலை மட்டும் அசைத்தார் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார்.

அரிஸ்டாட்டிலின் பதில் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. இருக்கிறது, இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே பார்மெனிடீஸ் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு: ஆகக்கூடியது. மூன்றாம் நாள் முட்டையில் கோழி இல்லை. ஆனால் கல்லில் கோழி இல்லாதது மாதிரி இல்லாமல் இல்லை. கல்லை எத்தனை நாள் அடைகாத்தாலும் குஞ்சு வராது, முட்டையில் வரும். அந்த வித்தியாசம் நம் நினைப்பில் இருக்கும் வித்தியாசம் இல்லை, முட்டையிலேயே இருப்பது. அப்படியானால் ஆகக்கூடிய தன்மை என்பதும் ஒருவகை இருப்புதான். மாற்றம் என்பது சூன்யத்திலிருந்து திடீரென்று ஒன்று முளைப்பது இல்லை. ஆகக்கூடியதாக இருந்தது ஆகிவிட்டதாக மாறுவது. இந்த இரண்டுக்கும் இயலுநிலை, செயல்நிலை என்று நம் பாடநூல்களில் கஷ்டமான பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மிரட்டினால் தூங்குகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மொழி தெரிந்தவர் தூங்கிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் ஒரு மொழியும் கற்காத கைக்குழந்தை தூங்குகிறது. இரண்டு பேரும் இப்போது பேசவில்லை. ஆனால் இரண்டு மௌனமும் ஒன்றா? எழுப்பிப் பாருங்கள்.

இதிலிருந்து அடுத்த படி. முட்டைக்குள் இருக்கும் கரு கோழியாகும்போது என்ன சேர்ந்தது? காற்றைத் தவிர புதிதாக ஒன்றும் வெளியிலிருந்து வந்துவிடவில்லை. உள்ளே இருந்த அதே சரக்குதான், ஆனால் இப்போது அது கண்ணாகவும் சிறகாகவும் அமைந்திருக்கிறது. சரக்கு ஒன்று, அது ஒரு குறிப்பிட்ட பொருளாக இருக்கும்படி செய்கிற அமைவு ஒன்று; இரண்டும் சேர்ந்ததுதான் பொருள் என்பது அரிஸ்டாட்டிலின் கணக்கு. அமைவு என்றதும் வெளித்தோற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, புதியவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது. செத்த கோழிக்கும் கோழியின் தோற்றம் அப்படியே இருக்கும், அது கோழி இல்லை. கல்லில் செய்த கண்ணும் பார்க்காத கண்ணும் பெயரளவில்தான் கண் என்பார் அரிஸ்டாட்டில். அமைவு என்பது அந்தப் பொருள் என்ன செய்யவல்லது, எப்படி வாழ்கிறது என்பதோடு சேர்ந்தது.

அவர் சொன்ன நான்கு காரணங்களும் இதன் நீட்சிதான். சைவ சித்தாந்தம் கொஞ்சம் கேட்டிருந்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள்: குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம் என்ற பாடம் நமக்குப் பழக்கம். அரிஸ்டாட்டில் மண்ணையும் குயவரையும் சொல்வார், கூடவே குடம் என்கிற அமைவையும், தண்ணீர் வைப்பதற்கு என்கிற நோக்கத்தையும் காரணமாகவே சேர்ப்பார். நோக்கம் என்றவுடன் நவீன வாசகர் முகம் சுளிப்பார், இயற்கைக்கு என்ன நோக்கம் என்று. கருவுக்கு மனதில் திட்டம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இதயம் எதற்கு என்று கேட்காமல் இதயத்தை விளக்கவே முடியாது என்கிறார், அவ்வளவுதான். எந்த மருத்துவரும் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்.

இப்போது இந்த மரபின் நடுமையமான சண்டைக்கு வருகிறேன், பொதுமைகள் பற்றிய சண்டை. பேசப் பழகும் குழந்தையைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு நாயைக் காட்டி 'நாய்' என்று சொல்லிக்கொடுக்கிறோம், ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. மூன்றாவதாக, வெள்ளையாக, குட்டையாக, காது தொங்கிக்கொண்டு, முன்பின் பார்த்தே இராத ஒன்று எதிரே வரும்போது குழந்தை விரலை நீட்டி 'நாய்' என்கிறது. ஒரு நாள் பூனையைப் பார்த்தும் நாய் என்று சொல்லும், நாம் திருத்துவோம், அது திருத்திக்கொள்ளும். இங்கே என்ன நடக்கிறது? குழந்தை கண்ணால் பார்த்தது எல்லாம் தனித்தனி நாய்களைத்தான். பொதுவான நாய் என்று ஒன்று எந்தத் தெருவிலும் நடந்து போகவில்லை. அப்படியானால் அந்த ஒரு சொல் எதைத் தொடுகிறது?

பிளேட்டோ, எல்லா நாய்களுக்கும் மூலமான நாய்மை என்பது இந்த உலகத்துக்கு அப்பால் தனியே இருக்கிறது என்பார். பெயரளவுவாதிகள், 14-ஆம் நூற்றாண்டின் ஆக்கமின் வில்லியம் அவர்களில் மிகக் கூர்மையானவர், பொதுமை என்பது சொல்லிலும் மனதிலும்தான், வெளியே தனித்தனிப் பொருள்கள் மட்டுமே என்பார்கள். அரிஸ்டாட்டில் வழி இரண்டும் இல்லை: நாயின் இயல்பு அந்தந்த நாயில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை, ஆனால் அது நிஜமாகவே இருக்கிறது, மனம் அதைத் தனி நாயின் நிறம், உயரம், குரல் இவற்றிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்கிறது. பிரித்தெடுக்கும்போதுதான் அது பொதுவாகிறது. நம் பக்கத்திலும் இதே சண்டை நடந்தது. பசுக்களில் பசுத்தன்மை நிஜமாக உறைகிறது என்று நியாய வைசேஷிகர்கள் சொல்ல, அப்படி ஒன்றும் இல்லை, பசு என்ற சொல் பசு அல்லாதவற்றை விலக்குகிறது அவ்வளவே என்று திக்நாகர் வழி வந்த பௌத்தர்கள் நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். அந்த விவாதம் தமிழில் விரிவாக வந்தால் முதலில் வாங்குகிற ஆள் நானாக இருப்பேன்.

இது வெட்டி விவாதம் என்று நினைக்கிறவர்கள் மருத்துவரிடம் போய் நில்லுங்கள். ஒரு காய்ச்சலுக்கு ஒரு மருந்து நூறு பேருக்குக் கேட்டது, நூற்றியோராவது ஆளுக்கும் கேட்கும் என்று எதிர்பார்க்கிறோம். மலேரியா என்பது நாம் வசதிக்காக ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும்தான் என்றால் அந்த எதிர்பார்ப்புக்கு என்ன ஆதாரம்? 'ஒரே மாதிரி இருக்கின்றன, அதனால்தான்' என்று ஆக்கமின் வில்லியம் பக்கம் நிற்பவர் சொல்லலாம், அது முட்டாள்தனமான பதில் இல்லை. ஆனால் எதில் ஒரே மாதிரி என்று திருப்பிக் கேட்டால், அவர் சொல்லும் பதில் அந்தப் பொருளுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றைச் சுட்டிக்காட்டத்தான் வேண்டியிருக்கும். அந்த ஏதோ ஒன்றைத்தான் இயல்பு என்கிறோம்.

அடுத்து சந்தேகக்காரர்களின் பெரிய ஆயுதம்: நமக்குத் தெரிவது பொருள் இல்லை, பொருளைப் பற்றி மனதில் இருக்கும் படம் மட்டுமே, படத்தைத் தாண்டி வெளியே போய் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை என்பது. கேட்டவுடன் மடக்கிவிடும் வாதம் இது. என்னை நான்கைந்து வருடம் மடக்கி வைத்திருந்தது இதுதான். அக்வினாஸ் இதற்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டார். மனதில் இருக்கும் கருத்து நாம் அறியும் பொருள் இல்லை, அதன் வழியாக நாம் பொருளை அறிகிறோம் என்கிறார். இந்தப் பத்திரிகையையே பாருங்கள். முதல் பக்கத்தில் ஒரு தீ விபத்துச் செய்தி. கண்ணில் படுவது வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மை, வளைவுகள், புள்ளிகள். நீங்கள் படிப்பது மையைப் பற்றியா? தீயைப் பற்றி. எழுத்தின் வளைவுகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தால் செய்தி கைவிட்டுப் போகும். கருத்தும் அப்படித்தான், அதன் முழு வேலையும் தன்னைத் தாண்டி வேறொன்றைக் காட்டுவது. கருத்தைத் தனியாகப் பிடித்து நிறுத்தி, 'இதோ இதுதான் எனக்குத் தெரியும், இதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ' என்று கேட்பது பின்னால் வருகிற வேலை, இரண்டாவது பார்வை. முதல் பார்வை எப்போதும் வெளியே, பொருளின் மேல்தான் விழுகிறது.

தண்ணீரில் வளைந்து தெரியும் குச்சியை உடனே எடுத்து வருவார்கள். நல்லது, வரட்டும். குச்சி வளையவில்லை என்று நமக்கு எப்படித் தெரிந்தது? கையால் தடவிப் பார்த்து, வெளியே எடுத்துப் பார்த்து. ஒரு புலனின் பிழையை இன்னொரு புலனும் அறிவும் சேர்ந்து திருத்துகின்றன, புலன்களை விட்டு வெளியேறி யாரும் திருத்தவில்லை. இன்னும் சொன்னால் கண் இங்கே பிழையே செய்யவில்லை. ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது திசை மாறுகிறது, மாறிய ஒளி எப்படித் தெரியவேண்டுமோ அப்படியே கண் காட்டியது. 'குச்சி வளைந்திருக்கிறது' என்று அவசரப்பட்டுச் சொன்னது நம் தீர்ப்பு. பொய்யும் மெய்யும் தீர்ப்பில்தான் என்று அக்வினாஸ் சொல்வது இதைத்தான்.

இந்தச் சந்தேக வழியைத் தொடங்கிவைத்த பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1641-இல் அவர் எல்லாவற்றையும் சந்தேகித்தது சந்தேகத்திலேயே குடியிருப்பதற்காக இல்லை, அசைக்கமுடியாத அடித்தளம் ஒன்றைத் தேடினார். 'நான் சிந்திக்கிறேன்' என்பது அவருக்குக் கிடைத்தது. ஆனால் அங்கிருந்து மேசைக்கும் மரத்துக்கும் திரும்பி வர, கடவுளின் இருப்பை நிறுவி அவர் நம்மை ஏமாற்றமாட்டார் என்று காட்டவேண்டியிருந்தது. அந்தப் பாலத்தைப் பின்னால் வந்தவர்கள் பலர் ஏற்கவில்லை, ஆனால் அவர் நின்ற கரையிலேயே நின்றுகொண்டார்கள். ஹ்யூம் தன் சந்தேகங்களை முழுசாகப் பின்தொடர்ந்து போய்விட்டு, நண்பர்களோடு சாப்பிட்டு பகடை ஆடித் திரும்பினால் இந்த யோசனைகளெல்லாம் செயற்கையாகத் தெரிகின்றன, மறுபடி அவற்றில் நுழைய மனம் வரவில்லை என்று நேர்மையாக எழுதினார். வெளியே பொருள்கள் இருப்பதற்கு இன்னும் திருப்தியான நிரூபணம் இல்லாதது தத்துவத்துக்கு அவமானம் என்று காண்ட் 1787-இல் எழுதினார். 20-ஆம் நூற்றாண்டில் அக்வினாஸ் வழி வந்த பிரெஞ்சுத் தத்துவவாதி எத்தியென் ழில்சோன் சொன்னது, அந்த நிரூபணத்தைக் கேட்பதே தவறு என்பது. மனதுக்குள் தொடங்கினால் மனதுக்குள்தான் முடியும். மெய்ம்மைவாதி வெளியே போக வழி தேடுவதில்லை, அவர் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளவே இல்லை.

இதற்காகக் கல்லை உதைத்துக் காட்டவேண்டிய அவசியமும் இல்லை. 1763-இல் சாமுவேல் ஜான்சன், பொருளுலகம் என்று தனியே எதுவும் இல்லை என்ற பெர்க்லியின் வாதத்தை, ஒரு பெரிய கல்லை உதைத்து 'இப்படி மறுக்கிறேன்' என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கல் கடினமாக இருப்பதை பெர்க்லி மறுக்கவே இல்லையே. மெய்ம்மைவாதம் வாதத்தைத் தட்டிக்கழிக்கும் குறுக்குவழி என்று யாராவது நினைத்தால் அந்த உதைதான் அதற்குக் காரணம் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அக்வினாஸின் இன்னொரு சிந்தனையைச் சொல்லாமல் விடமுடியவில்லை. ஒன்று என்ன என்பது வேறு, அது இருக்கிறது என்பது வேறு. இளம் வயதில் எழுதிய ஒரு சிறு நூலில் ஃபீனிக்ஸ் பறவையை உதாரணம் காட்டுவார், நமக்கு முயற்கொம்பு போதும். முயல் என்ன என்று தெரியும், கொம்பு என்ன என்று தெரியும், முயற்கொம்பு என்றால் என்ன என்பதும் தெளிவாகப் புரிகிறது. அது என்ன என்று எவ்வளவு துல்லியமாக விவரித்தாலும் அந்த விவரத்திலிருந்து ஒரு முயற்கொம்பு இருந்துவிடாது. இருப்பு என்பது விவரப் பட்டியலில் கடைசி வரி இல்லை. சரி, அப்படியானால் இருக்கிற முயலுக்கு அந்த இருப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போகிறார். கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் அந்தக் கேள்வி வரைக்குமாவது அவரோடு நடக்கலாம். இருக்கிறது என்ற மிகச் சாதாரணமான சொல் அப்புறம் சாதாரணமாகத் தெரியாது.

இனி ஒரு கனமான ஆட்சேபம். இதை ஒதுக்கிவிட்டு மெய்ம்மைவாதத்தைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. இயல்பு, இயற்கை என்று பேசத் தொடங்கினாலே, 'சிலர் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள்' என்பதற்கும் அதே பேச்சு உதவாதா? உதவியிருக்கிறது. சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டிலே எழுதினார். அதை நான் எந்தச் சமாதானமும் சொல்லி மூடமாட்டேன், அது தவறு, கொடுமையான விளைவுகளைத் தந்த தவறு. ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததையும் பார்க்கவேண்டும். 1550-51இல் ஸ்பெயினின் வல்லதோலித் நகரில் ஒரு விவாதம் நடந்தது. அமெரிக்கப் பழங்குடிகளை அடக்கி ஆளுவது நியாயம் என்று செபுல்வேதா வாதிட்டார். அரிஸ்டாட்டிலின் அரசியல் நூலை லத்தீனில் மொழிபெயர்த்தவர் அவர், இயல்பான அடிமை என்ற கருத்தையே கையில் எடுத்தார். எதிரே நின்ற பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ், தானே ஒரு காலத்தில் அந்த மக்களின் உழைப்பில் வாழ்ந்து, பிறகு அதைத் துறந்தவர். (அவரும் குறையற்றவர் இல்லை, ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவரலாம் என்று ஒரு சமயம் யோசனை சொல்லி, பின்னால் அதற்காக மனம் வருந்தினார்.) அவர் செய்தது, அரிஸ்டாட்டில் பகுத்தறிவுள்ள வாழ்க்கைக்குச் சொன்ன அடையாளங்களையே எடுத்து, இந்த மக்களிடம் நகரங்கள் இருக்கின்றன, சட்டம் இருக்கிறது, ஆட்சிமுறை இருக்கிறது, கைத்தொழில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டியது. அங்கே போய், வாழ்ந்து, பார்த்தவர் அவர். செபுல்வேதா அமெரிக்காவில் காலே வைத்ததில்லை. நடுவர்கள் தெளிவான தீர்ப்பு எதுவும் சொல்லாமலே அந்த விவாதம் முடிந்தது.

மனித இயல்பு என்று ஒன்று எல்லோரிடமும் நிஜமாக இருக்கிறது என்பது லாஸ் காசாஸின் ஆயுதம். இயல்பு என்பதெல்லாம் அதிகாரம் வைத்த பெயர்தான் என்றால், செபுல்வேதா வைத்த பெயரும் லாஸ் காசாஸ் வைத்த பெயரும் ஒரே தராசில் சமமாகிவிடும், வலுத்தவன் வைத்த பெயர் நிற்கும். நான் இந்த மரபின் பக்கம் உறுதியாக வந்ததற்கு முட்டையைவிட இதுதான் பெரிய காரணம் என்று சொல்லலாம். இயல்பைச் சொல்லி ஒருவரைத் தாழ்த்துகிறார்களா, அப்படியானால் அந்த இயல்பைக் காட்டு, நானும் பார்க்கிறேன் என்று கேட்கும் உரிமையை இந்தத் தத்துவம் எனக்குத் தருகிறது.

அரிஸ்டாட்டில் வேறு தவறுகளும் செய்தார். ஆண்களுக்குப் பெண்களைவிடப் பற்கள் அதிகம் என்றார். சிந்தனை மூளையில் இல்லை, இதயம்தான் உணர்வின் மையம் என்றார். அதே சமயம், ஒருவகைச் சுறாவில் குட்டி தாயின் கருப்பையோடு கொடியால் இணைந்திருக்கும் என்று அவர் எழுதியது வெகுகாலம் நம்பப்படாமல் கிடந்து, 1842-இல் ஜெர்மன் உடலியல் அறிஞர் யோஹன்னஸ் முல்லர் ஆராய்ந்து சரி என்று காட்டினார். அவருடைய சரிக்கும் தவறுக்கும் அளவுகோல் ஒன்றேதான், பொருள். தேனீக்களின் இனப்பெருக்கம் பற்றி நீளமாக ஒரு விளக்கம் கொடுத்துவிட்டு அவரே சொல்வார்: உண்மைகள் இன்னும் போதுமான அளவு தெரியவில்லை, என்றாவது தெரியவந்தால் கோட்பாட்டைவிடக் கண்ணால் கண்டதைத்தான் நம்பவேண்டும், கோட்பாடும் கண்டதோடு ஒத்துப்போனால் மட்டுமே அதையும் நம்பலாம் என்று. எந்தப் பேராசிரியர் தன் கோட்பாட்டின் கடைசியில் இப்படி ஒரு வாசகம் எழுதி வைக்கிறார்!

தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் என்ற பெரிய நூலை முதலில் தொடாதீர்கள், மனம் உடைந்துவிடும். விலங்குகளின் உறுப்புகள் பற்றிய நூலில் முதல் புத்தகத்தின் ஐந்தாம் இயலைப் படியுங்கள், சில பக்கங்கள்தான். அற்பமான உயிரினங்களை ஆராய்வதில் அருவருப்பு வேண்டாம் என்று சொல்லும் இடம் அது. ஹெராக்ளிட்டஸைப் பார்க்க வந்தவர்கள் அவர் அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துத் தயங்கி நிற்க, 'உள்ளே வாருங்கள், இங்கேயும் தெய்வங்கள் உண்டு' என்று அவர் அழைத்ததாக அங்கே ஒரு கதை வரும். பிறகு இயற்பியல் நூலின் இரண்டாம் புத்தகம், நான்கு காரணங்கள் அதில் இருக்கின்றன. அப்புறம் ஆன்மா பற்றிய நூல். மெய்ப்பொருளியல் கடைசியில்.

மெய்ப்பொருளியல் கடினம் என்பது நம் தோல்வி இல்லை. இப்னு சீனா தன் வாழ்க்கைக் குறிப்பில் அந்த நூலை நாற்பது முறை படித்ததாகச் சொல்கிறார். மனப்பாடமே ஆகிவிட்டது, ஆனால் எதற்காக எழுதப்பட்டது என்று புரியவில்லை, இனி இது நமக்கு இல்லை என்று விட்டுவிட்டார். ஒரு நாள் மாலை புத்தகக் கடைவீதியில் ஒரு தரகர் ஒரு நூலை நீட்டுகிறார், வேண்டாம் என்கிறார் இவர். சொந்தக்காரருக்குப் பணமுடை, மூன்று திர்ஹம்தான், வாங்கிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தவே வாங்கி வருகிறார். அது அல்ஃபராபி எழுதிய ஒரு சிறு விளக்கம், அரிஸ்டாட்டில் அந்த நூலில் என்ன செய்ய முயல்கிறார் என்பதைப் பற்றி. வீட்டுக்கு வந்து படித்ததும் மனப்பாடமாக இருந்த முழு நூலும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. மறுநாள் நன்றி சொல்லி ஏழைகளுக்கு நிறைய தானம் கொடுத்தார்.

அல்ஃபராபியின் அந்தச் சின்ன நூல் மாதிரி ஒன்று இன்றைய தமிழில் வேண்டும், ஆசிரியரே. ஞாயிறு இணைப்பில் வாரம் அரைப் பக்கம் ஒதுக்கினால் ஒரு வருடத்தில் அது எழுதி முடிந்துவிடும். விஷயம் தெரிந்தவர்களை எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் அந்த மூன்றாம் நாள் முட்டையைப் பற்றியே எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்